கஸ்தூரிபா நினைவு நிதிக் கச்சேரிகள்

கஸ்தூரிபா நினைவு நிதிக் கச்சேரிகள் என்பவை, கஸ்தூரிபா காந்தியின் நினைவாக அமைந்த அறநிதிக்கு எம். எஸ். சுப்புலட்சுமி 1944 ஆம் ஆண்டில் பாடிய கருநாடக இசைக் கச்சேரிகள் ஆகும்.

பின்னணி

காந்தியுடன் புனே ஆகா கான் மாளிகையில் சிறைவைக்கப்பட்டிருந்த கஸ்தூரிபா, 1944 பெப்ரவரி 22 அன்று அங்கேயே காலமானார். காந்தியின் 75 ஆவது பிறந்தநாளையொட்டி 75 இலட்சம் ரூபாய் திரட்ட நாடெங்கும் முயற்சி தொடங்கியது. ஒரு கோடிக்கு மேல் சேர்ந்தது. சிற்றூர்ப் பெண்கள், குழந்தைகள் நலனுக்கே இந்நிதி பயன்படவேண்டும் என்பது காந்தியின் விருப்பம். இந்தூருக்கு அருகிலுள்ள கஸ்தூரிபாகிராமம் இதன் அறக்கட்டளைக்குத் தலைமையிடமானது.

பங்களிப்பு

கச்சேரி வருவாய் நிதிக்கு அளிக்கப்பட்டது. காந்தி நன்றிக் கடிதம் எழுதித் தமிழில் கையொப்பமிட்டார். பின்னரும் பொதுப்பணிகளுக்காகப் பல கச்சேரிகள் பாடிய சுப்புலட்சுமி, 1974 இல் பொதுச்சேவைக்கான மக்சேசே விருது பெற்றார்.