கஞ்சில் டிராக் பந்தயம், பினாங்கு

பெரோடுவா நிறுவனம் 1994-இல் வெளியிட்ட கஞ்சில் கார், மலேசிய வீட்டுப் பட்டறைகளின் செல்லப்பிள்ளை. டைஹாட்சு மிராவை அடிப்படையாகக் கொண்டது. அதனால் ஜப்பானிலிருந்து வெட்டிக் கொண்டுவரப்படும் ‘ஹாஃப் கட்’ கார் முன்பாதிகளில் கிடைக்கும் டைஹாட்சு எஞ்சின்களை இதில் பொருத்துவது எளிது. அசல் 659 சிசி 3 சிலிண்டர் எஞ்சினை இறக்கிவிட்டு, அதே கொள்ளளவுள்ள, 64 குதிரைத்திறன் தரும் 4 சிலிண்டர் டர்போவை ஏற்றுவது பரவலான வழக்கம்.

டிராக் பந்தயம் நின்ற நிலையிலிருந்து கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர். புறப்படும்போது பாரம் பின்னுக்குச் சாய்வதால், முன்சக்கரத்தால் ஓடும் கஞ்சிலின் டயர் பிடிப்பிழந்து சுழலும். முதல் கியரில் டர்போ அழுத்தத்தைக் குறைத்து வைப்பதே தேர்ந்த மெக்கானிக்கின் கைப்பக்குவம். அழுத்தத்தைக் கூட்டிவிட்டு அதற்கேற்ப எரிபொருளைக் கூட்டாவிட்டால் பிஸ்டன் உருகும். ஆனால் பிரேக்கை மாற்றாமல் எஞ்சினை மட்டும் மாற்றுவதுதான் மன்னிக்க முடியாத பிழை.

பினாங்குத் தீவின் கிழக்குக் கரையோரம் நீளும் துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலை உட்பட எந்தப் பொதுச்சாலையிலும் பந்தயம் ஓட்டுவது 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். அனுமதியின்றி எஞ்சின் மாற்றுவதும் அப்படியே. முறையாக ஓட்ட விரும்புவோர் 1999-இல் திறக்கப்பட்ட சிப்பாங் ஓடுதளம் போன்ற களங்களுக்குச் செல்ல வேண்டும்.