மந்தரையின் இடது கண்

1987-ல் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவே தூர்தர்ஷன் முன்னால் உட்கார்ந்திருக்கும். 'ராமாயணம்' தொடரின் இந்தி எனக்குப் புரியாது. ஆனால் மந்தரை கெட்டவள் என்று புரிந்துகொள்ள மொழி தேவைப்படவில்லை. சுருங்கிய அந்த இடது கண்ணே போதுமானதாக இருந்தது. அது வேலை செய்யும் இடத்தில் ஒரு பெண்ணுக்கு ஏற்பட்ட காயம் என்று பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மந்தரையாக நடித்தவர் லலிதா பவார். 1916-ல் பிறந்தவர். சிறுமியாக மௌனப் படங்களுக்கு வந்து நாயகியாக உயர்ந்தார். 1932-ல் வெளியான 'கைலாஷ்' என்ற மௌனப் படத்தில் நடித்ததோடு அதன் இணைத் தயாரிப்பாளராகவும் இருந்தார். பேசும் படம் வந்தபோது நடிப்பவரே பாடவும் வேண்டியிருந்தது. லலிதா பாடினார், நடித்தார். 1937-ல் 'துனியா க்யா ஹை' என்ற பேசும் படத்தைத் தயாரித்தார். அப்போது அவருக்கு வயது 21.

1942-ல் 'ஜங்-ஏ-ஆசாதி' படப்பிடிப்பு. அறையும் காட்சி ஒன்றில் உடன் நடித்தவர் உண்மையிலேயே ஓங்கி அறைந்துவிட்டார். லலிதாவின் முகம் ஒருபக்கம் செயலிழந்தது. இடது கண்ணில் ரத்தநாளம் வெடித்தது. சிகிச்சை மூன்று ஆண்டுகள் நீண்டது. கண் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

இந்தச் சம்பவத்தை எழுதுகிறவர்கள் பலரும், "அந்த அடிதான் அவரைப் பெரிய குணச்சித்திர நடிகையாக்கியது" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் உறுத்தல். அடி யாரையும் நடிகையாக்குவதில்லை. மௌனப் படத்திலும் பேசும் படத்திலும் அதற்கு முன்பே பல ஆண்டுகள் உழைத்தவர் அவர். அந்த அடி அவரிடமிருந்து நாயகி வேடங்களைப் பறித்தது. முப்பது வயதுக்குள் மாமியார்களையும் விதவைத் தாய்களையும் நோக்கித் தள்ளியது.

ஆண்களுக்கு வயது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று பாருங்கள். 1958-ல் 'ஹவுரா பிரிட்ஜ்' படத்தில் 47 வயது அசோக் குமார் மதுபாலாவுக்கு நாயகன். அடுத்த ஆண்டு 'அனாரி' படத்தில் 43 வயது லலிதா, தன்னைவிட எட்டே வயது இளையவரான ராஜ் கபூருக்குத் தாய் போன்ற வீட்டுக்காரம்மா. சிடுசிடுப்புக்கு அடியில் அன்பை ஒளித்துவைத்திருக்கும் அந்த மிஸஸ் டிசாவுக்காக ஃபிலிம்ஃபேர் விருது பெற்றார். 'ஸ்ரீ 420' படத்தில் அவர் வாழைப்பழம் விற்கும் கங்கா மாய்; அவ்வளவு வாஞ்சையான முகம். அதே கண்தான் அங்கேயும் இருக்கிறது. ஆனால் நம் நினைவில் நின்றது மந்தரையும் கொடுமைக்கார மாமியாரும்தான்.

1961-ல் 'சம்பூர்ண ராமாயணா' படத்திலும் அவரே மந்தரை. 1987-ல் மறுபடி அதே வேடம், 71 வயதில். கூனல் முதுகைப் பார்த்துக் கெட்ட மனசு என்று படிக்கக் கதை நமக்கு முன்பே கற்றுத்தந்திருந்தது. காயம்பட்ட ஒரு பெண்ணின் கண்ணையும் நாங்கள் அப்படியே படித்தோம். அன்று அவரைப் பார்த்துப் பயந்த சிறுமியாக, இந்தக் கட்டுரையை அவருக்குக் கடன்பட்டவளாக எழுதுகிறேன்.