ஊவாவின் அரைமணி நேரம்

மேசைமேல் அமைந்த கணினியொன்றின் மணிக்கூடு, எத்தனை முறை திருத்தி வைத்தாலும் சில நாட்களில் மீண்டும் அரைமணி நேரம் முந்திக்கொண்டு நிற்குமானால், அதை வைத்திருப்பவர் முதலில் பொறியைப் பழிப்பார். பின்னர் அதை விற்றவரைப் பழிப்பார். 2006 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்துக்குப் பின்னர் இலங்கையில் இச்சங்கடத்துக்கு உள்ளானவர்கள் பலர். ஆனால் பழி பொறியினுடையது அன்று. நாடு கைவிட்ட நேரமொன்றை அக்கணினி கைவிடவில்லை. அவ்வளவே நடந்தது. அந்த நேரம் எங்கிருந்து வந்தது, ஏன் போயிற்று என்பதை அறிய, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

சூரியனைக் கொண்டு நேரம் அறிந்த காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் தன் தன் நண்பகல் இருந்தது. பதுளை நகரம் கொழும்புக்குக் கிழக்கே ஒரு பாகைக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கின்றது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகுமாதலால், பதுளையில் உச்சிப்பொழுது கொழும்பிலும் பார்க்க நான்கே முக்கால் நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் மலையேறிய காலத்தில் இந்த நான்கே முக்கால் நிமிடத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர் எவருமிலர்.

புகைவண்டி வந்ததும் நிலைமை மாறிற்று. மலைநாட்டுப் பாதை 1885 ஆம் ஆண்டு நானுஓயாவையும், 1893 இல் அப்புத்தளையையும், அடுத்த ஆண்டு பண்டாரவளையையும் எட்டியது. ஒரே தண்டவாளத்தில் எதிரெதிராக வரும் வண்டிகளுக்கு இரண்டு நேரங்கள் இருத்தல் ஆகாது. அக்காலத்தில் இலங்கைக்கு விதிக்கப்பட்டிருந்த நேரம், கிரீனிச் நேரத்துக்கு 5 மணி 19 நிமிடம் 32 விநாடி முந்தியது; மேற்குக் கரையிலுள்ள மொறட்டுவையின் நேரம் என்று அட்டவணைகள் அதைக் குறிக்கின்றன. ஆகவே ஊவாவின் மலைகள் முதன்முதலில் ஏற்றுக்கொண்ட பொது நேரம், மேற்குக் கரையின் சூரியனைக் கொண்டு அளந்த நேரமாகும். 1906 ஆம் ஆண்டு இந்த விநாடிக் கணக்குகள் நீங்கி, இந்தியாவைப் போலவே இலங்கையும் 5 மணி 30 நிமிடம் என்னும் நேரத்தை மேற்கொண்டது. 1924 இல் தண்டவாளம் பதுளையை வந்தடைந்தபோது, நிலையத்து மணிக்கூடு காட்டியது இந்த நேரத்தையே.

5 மணி 30 நிமிடம் என்பது பதுளையின் சூரியனோடு பெரும்பாலும் ஒத்துப்போகும் நேரம் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுதல் நன்று. ஆண்டின் சராசரிக் கணக்கில் அங்கே சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணி 6 நிமிடத்தில். ஆறு நிமிட வேறுபாட்டை எந்த விவசாயியும் உணரமாட்டான்.

தோட்டங்களின் கதை சற்று வேறு. ஊவாவின் மலைச்சரிவுகளில் கோப்பி அழிந்து தேயிலை வந்த பின்னர், தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் விடியலை நிர்ணயித்தது சூரியனுமன்று, கொழும்புமன்று. தப்புச் சத்தமும் கொம்பொலியும், பின்னாளில் தொழிற்சாலைச் சங்குமே அதை நிர்ணயித்தன. இருள் பிரியும் முன்னரே லயங்களிலிருந்து புறப்பட்டுப் பிரட்டுக் களத்தில் கூடவேண்டும். கங்காணி ஆட்களை எண்ணுவார். கணக்கப்பிள்ளை செக்ரோலில் பதிவார். துரை மலை பிரித்துக் கொடுப்பார். ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்பது தோட்டத்து வழக்கு. பிந்தி வந்தவர் திருப்பி அனுப்பப்படலாம். நிறுவையில் குறைந்தால் அரைப்பேர் விழலாம். தொழிலாளியின் கையில் மணிக்கூடு இல்லை. அவர் கூலியை அளந்த மணிக்கூடோ துரையின் கையில் இருந்தது. அசாம் மாநிலத்துத் தேயிலைத் தோட்டங்களில் இந்திய நேரத்துக்கு ஒரு மணி முந்திய 'பாகான் நேரம்' என்றொரு தனி நேரமே வழங்கி வருகிறது. விடியலை வேலைக்கு முழுதாகப் பயன்படுத்தும் பொருட்டு மணிக்கூட்டையே முன்தள்ளி வைப்பது தேயிலைக்குப் புதிய தந்திரமன்று என்பதற்கு அது சான்று.

முழு நாட்டின் மணிக்கூடும் முன்தள்ளப்பட்ட முதற் சந்தர்ப்பம் இரண்டாம் உலகப் போரின்போது வந்தது. 1942 ஆம் ஆண்டு சனவரி 5 ஆம் திகதி அரைமணியும், அதே ஆண்டு செப்தெம்பரில் மேலும் அரைமணியும் கூட்டப்பட்டன. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஏப்பிரல் மாதத்தில் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. மூன்றாண்டுக்கு மேல் ஊவாவில் உச்சிப்பொழுது ஒரு மணிக்குப் பின்னரே வந்தது. போர் ஓய்ந்தபின், 1945 ஒக்தோபர் 16 ஆம் திகதி பழைய நேரம் திரும்பிற்று. அதன்பின் ஐம்பது ஆண்டுகளாக அதில் எவரும் கைவைக்கவில்லை. கொழும்பில் 1925 இல் தொடங்கிய ஒலிபரப்பு, 1949 இல் இலங்கை வானொலி என்னும் பெயருடன் வளர்ந்து தோட்டங்களுக்குள் புகுந்தபோது, லயத்துச் சுவரில் தொங்கிய மணிக்கூட்டையும் துரை பங்களாவின் மணிக்கூட்டையும் ஒரே குரல் திருத்தியது. செக்ரோல் எழுதியவருக்கும் செக்ரோலில் எழுதப்பட்டவருக்கும் ஒரே நேரம் கேட்டது என்பது சிறிய செய்தியன்று.

1996 ஆம் ஆண்டு மழை பொய்த்தது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீரிலிருந்து பெறப்பட்ட காலம் அது. நீர்த்தேக்கங்கள் வற்றவே மின்வெட்டு வந்தது. மாலை விளக்கேற்றும் நேரத்தைச் சுருக்கினால் மின்சாரம் மிஞ்சும் என்று கருதி, அரசு மே 25 ஆம் திகதி மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அதனால் நேர்ந்த இடர்ப்பாடு அதிகம் என்று கண்டு, ஒக்தோபர் 26 இல் அரைமணியைத் திருப்பிக் கொடுத்தது. மற்ற அரைமணி நின்றுவிட்டது. ஓர் ஆண்டின் வறட்சிக்காக வாங்கிய அரைமணி, மழை பெய்து அணைகள் நிரம்பிய பின்னரும் ஒன்பதரை ஆண்டுகள் திருப்பிச் செலுத்தப்படவில்லை.

பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழகத்தில் ஒரு நேரம், இப்பால் ஒரு நேரம். அங்கே அச்சான பஞ்சாங்கத்தைப் பார்ப்பவர் ஒவ்வொரு நாழிகைக்கும் அரைமணி கூட்டிக்கொள்ளவேண்டியிருந்தது. நாட்டுக்குள்ளேயே, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வடக்குப் பகுதிகள் புதிய நேரத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தன. சோதனைச் சாவடியொன்றைக் கடப்பவர் கைக்கடிகாரத்தையும் திருத்தவேண்டிய விந்தையை அக்காலத்தவர் கண்டனர்.

ஊவாவில் இதன் பாரத்தைச் சுமந்தவர்கள் பிள்ளைகளே. சனவரி மாதத்தில் பதுளையில் சூரியன் உதிப்பது இன்றைய நேரப்படி 6 மணி 20 நிமிடத்தையொட்டி. அந்த ஆண்டுகளின் மணிக்கூட்டில் அது 6 மணி 50 நிமிடத்தைத் தொட்டது. கீழ்த்திசையை மலை மறைக்கும் பள்ளத்தாக்குகளில் வெயில் தரையைத் தொட இன்னும் தாமதமாகும். பாடசாலை தொடங்குவதோ 7 மணி 30 நிமிடத்தில். மேல்பிரிவு லயங்களிலிருந்து தேயிலை மலைக் குறுக்குப்பாதைகளில் இறங்கி, பிரதான வீதிக்கு வந்து, பேருந்துக்குக் காத்திருந்து பாடசாலை சேரும் பிள்ளைக்கு ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் வேண்டும். அட்டை கடிக்கும் ஈரப்பாதையில், பனிமூட்டத்தில், இருட்டில் அந்த நடை நிகழ்ந்தது. முதற்பாட வேளையில் உறங்கிய மாணாக்கனைக் கண்டித்த ஆசிரியர்களுள், அவன் எத்தனை மணிக்கு எழுந்தான் என்று கேட்டவர் எத்தனை பேர்? மின்சாரம் மிஞ்சியதாகக் கணக்கிட்டவர்கள், இன்னும் மின்சாரமே வந்திராத லயங்களில் விடியுமுன் ஏற்றிய குப்பி விளக்கின் மண்ணெண்ணெயைக் கணக்கிற் சேர்க்கவில்லை.

2006 இல் அரசு பழைய நேரத்துக்குத் திரும்ப முடிவு செய்தபோது, பிள்ளைகள் இருளில் பாடசாலைக்குப் புறப்படுவது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்றாயிருந்தது. சித்திரைப் புத்தாண்டு தினமான ஏப்பிரல் 14 ஆம் திகதி கழிந்த நள்ளிரவின்பின், மணி 12.30 ஆனபோது மீண்டும் 12 ஆக்கப்பட்டது. சுவர் மணிக்கூடுகள் மறுநாட் காலையிலேயே திருந்திவிட்டன. திருந்தாமல் நின்றவை கணினிகள்.

இவ்விடத்தில் கணினி நேரம் காட்டும் முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். அதனுள்ளே, விநாடிக்கு 32,768 முறை அதிரும் சிறு படிகமொன்று காலத்தை எண்ணுகின்றது. மின் நிறுத்தப்பட்டிருக்கும்போதும் எண்ணுவதற்கு நாணயம் போன்ற ஒரு மின்கலம் உதவுகின்றது. இணையத்தோடு தொடர்புடைய கணினி, உலகப் பொது நேரத்தை அவ்வப்போது கேட்டுத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அந்தப் பொது நேரத்தோடு எத்தனை மணி கூட்டி இந்நாட்டவருக்குக் காட்டவேண்டும் என்பது வேறொரு விதி. அது நேர வலயம் எனப்படும். 2006 வரையில் வின்டோஸ் இயங்குதளத்தின் பட்டியலில் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' என்னும் வரிக்கு எதிரே 6 மணி என்று எழுதப்பட்டிருந்தது. கையினால் முள்ளைத் திருப்புவதுபோல் ஒருவர் நேரத்தை அரைமணி குறைத்து வைத்தால், கணினி அடுத்தமுறை உலக நேரத்தைக் கேட்டு, அதனோடு பழைய விதிப்படி 6 மணியைக் கூட்டி, மீண்டும் அரைமணி முந்திக் காட்டும். இணையத் தொடர்பே இல்லாத கணினி திருத்திய நேரத்தில் நிற்கும். ஆயினும் அது தன் கணக்கில் வைத்திருக்கும் உலக நேரம் அரைமணி பிழைத்துவிடும்.

ஆகவே பரிகாரம் நேரத்தைத் திருத்துவதிலில்லை, வலயத்தைத் திருத்துவதிலே இருந்தது. இயங்குதளத்தை ஆக்கியோரின் திருத்தம் வந்துசேரும் வரையில், விவரமறிந்தவர்கள் பட்டியலில் 5 மணி 30 நிமிடம் என்றிருந்த 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி' என்னும் வரியைத் தெரிந்துகொண்டனர். பதுளைக் கணினி சென்னையிற் குடியேறிய பின்னரே பதுளை நேரத்தைக் காட்டிற்று. புலம்பெயர்ந்தோரின் பேரர்கள் வாழும் மாவட்டத்தில் இது ஒரு வேடிக்கை எனலாம்.

இன்றும் இத்தகைய குறையைக் காண்பவர், பிழையின் அளவைக் கொண்டே காரணத்தை உணரலாம். திகதியும் ஆண்டும் சேர்ந்து பல்லாண்டு பின்தங்கினால் மின்கலம் தீர்ந்தது. நாளுக்குச் சில விநாடியாக விலகினால் படிகத்தின் குறை. சரியாக 5 மணி 30 நிமிடம் பிழைத்தால், ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்து, உள்மணிக்கூட்டில் ஒன்று உள்ளூர் நேரத்தையும் மற்றது உலக நேரத்தையும் எழுதுகின்றன என்று ஐயுறலாம். சரியாக அரைமணி பிழைத்தால், 1996 ஆம் ஆண்டு வறட்சி அந்தப் பெட்டிக்குள் இன்னும் தீரவில்லை.

ஆதர் டேவிட் ஒல்சன் என்னும் அமெரிக்கர் தொடங்கி, பின்னர் போல் எகெர்ட் என்பவரால் பேணப்பட்டுவரும் உலக நேர வலய அட்டவணையொன்று உண்டு. கணினிகளும் கைபேசிகளும் பெருந்தொகையாக அதையே பின்பற்றுகின்றன. அதில் 'ஆசியா, கொழும்பு' என்னும் தலைப்பின்கீழ் மேற்கூறிய வரலாறு முழுவதும் சில வரிகளில் அடங்கியிருக்கின்றது. மொறட்டுவையின் 32 விநாடியும் அங்கே உண்டு. போர்க்கால அரைமணிகளும் உண்டு.

அந்த வரிகளின் தேவையை ஊவாவில் இன்று அதிகம் உணர்பவர் சோதிடர் எனலாம். 1996 மே மாதத்துக்கும் 2006 ஏப்பிரலுக்கும் இடையில் பிறந்தவர்களுக்கு இப்போது மணப்பொருத்தம் பார்க்கும் வயது. பிறப்பு நேரத்தை மருத்துவமனை மணிக்கூட்டைப் பார்த்தே எழுதினர். 1996 ஆகத்தில் காலை 7 மணிக்குப் பிறந்ததாக எழுதப்பட்ட குழந்தை, பழைய நேரப்படி 6 மணிக்குப் பிறந்தது. ஓர் இலக்கினம் ஏறத்தாழ இரண்டு மணி நேரமே நிற்பதால், அட்டவணை அறியாத மென்பொருளில் அக்குழந்தையின் இலக்கினமே மாறிவிடக்கூடும். 2006 ஏப்பிரல் 15 ஆம் திகதி நள்ளிரவு 12 மணிக்கும் 12.30 க்கும் இடையில் பிறந்த பிள்ளையின் நிலை இன்னும் சிக்கலானது. அந்த அரைமணி அன்றிரவு இருமுறை வந்தது. பிறப்புக் குறிப்பில் 12.15 என்று மட்டும் எழுதியிருந்தால், அது முதல் 12.15 ஆ, இரண்டாவது 12.15 ஆ என்பதை அன்று பிரசவ அறையில் நின்றவர்களிடமே கேட்டறிய வேண்டும்.