ரிக்ஷாக்காரர்

1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’, துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. அதில் நடித்த பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் மற்ற நட்சத்திரங்களையும் நாறடித்துத்தான் லட்சுமிகாந்தனின் ‘சினிமா தூது’ பிழைத்தது. ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்து அதன் லைசென்சை ரத்து செய்ய வைத்தார்கள். ஆள் அசரவில்லை, ‘இந்துநேச’னில் தொடர்ந்தார்.

நவம்பர் 8, வேப்பேரி. ரிக்ஷாவில் போனவருக்குக் கத்திக்குத்து, மறுநாள் சாவு. தண்டனை பெற்ற நடிகர்கள் இருவரும் 1947இல் விடுதலையானார்கள்.

இந்தக் கதையை எழுதுறவங்களுக்கு பாகவதரின் தங்கத் தட்டு முக்கியம். (மஞ்சப் பத்திரிகை ருசி லேசுல விடாது.) வண்டி இழுத்த மனுசன்? வெறும் ‘ரிக்ஷாக்காரன்’. அவருக்கு அன்றைக்குக் கூலி கிடைத்ததா என்றுகூட யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் கை ரிக்ஷா ஒழிய 1973 ஆயிற்று.