கஞ்சா எண்ணெய் மருந்தா? குடும்ப மருத்துவரிடம் நாம் கேட்க வேண்டியவை

போதை தரும் பொருள் ஹராம் என்பதில் நமக்குள் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் புற்றுநோய், வலிப்பு, தீராத வலி என்று வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், "கஞ்சா எண்ணெய் கொடுத்தால் குணமாகும்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்து சேர்கிறது. வில்லியனூர், சுல்தான்பேட்டை, பாகூர் என எங்கே இருந்தாலும், உடம்புக்கு ஒன்று என்றால் நாம் முதலில் போய் நிற்பது நமக்குப் பழக்கமான குடும்ப மருத்துவரிடம்தான். இந்தக் கேள்விக்கு அவரிடம் தெளிவான பதில் இருக்குமா?

மருத்துவர்களே சொன்னது

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2000-ஆம் ஆண்டிலேயே மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தது. அங்குள்ள குடும்ப மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டு நடத்திய ஆய்வு 2013-ல் வெளியானது. பதில் அளித்த 520 பேரில் 19 சதவீதத்தினர் மட்டுமே மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்கலாம் என்றனர். 46 சதவீதத்தினர் அதை ஆதரிக்கவில்லை. பரிந்துரைக்கும் முன் முறையான பயிற்சி வேண்டும் என்று 81 சதவீதத்தினர் கூறினர். சட்டம் அனுமதித்த இடத்திலேயே மருத்துவர்கள் "முதலில் நாங்கள் கற்க வேண்டும்" என்றார்கள்.

நம் நாட்டில் சட்டம்

கஞ்சாவை மேற்கத்திய மருத்துவத்துக்கு அறிமுகம் செய்ததில் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. 1839-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஓஷாக்னெசி தமது சோதனைகளை எழுதி வெளியிட்டார். இன்று நிலை வேறு. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் செடியின் பூக்கும் நுனிகளையும் பிசினையும் தடை செய்கிறது. நுனி சேராத இலையும் விதையும் அதன் 'கஞ்சா' விளக்கத்தில் வராது. இந்த இடைவெளியில்தான் இலையிலிருந்து எடுக்கும் மருந்துகள் ஆயுர்வேத உரிமத்துடன் விற்பனைக்கு வருகின்றன. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் 27-க்கு 25 என்ற வாக்கில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியது. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. அதனால் கஞ்சா அனுமதிக்கப்பட்டுவிட்டது என்று பொருள் இல்லை. சர்வதேசக் கட்டுப்பாடும் நம் நாட்டுச் சட்டமும் அப்படியே இருக்கின்றன.

நிரூபணமானது எது?

கஞ்சாச் செடியில் உள்ள இரு முக்கியப் பொருட்களில் டிஎச்சி போதை தருவது. சிபிடி போதை தராதது. குழந்தைகளைத் தாக்கும் லெனாக்ஸ்-காஸ்டாட், டிராவெட் என்னும் இரு அரிய வலிப்பு நோய்களுக்குத் தூய்மையாக்கிய சிபிடி மருந்தை அமெரிக்கா 2018-ல் அனுமதித்தது. கீமோதெரபி வாந்திக்கும், தண்டுவட நோயில் வரும் தசை இறுக்கத்துக்கும் சில நாடுகளில் டிஎச்சி வகை மருந்துகள் உண்டு. புற்றுநோயைக் குணப்படுத்தும், சர்க்கரையைப் போக்கும் என்பதற்கு மனிதர்களிடம் நிரூபணம் இல்லை.

ஆபத்தும் உண்டு. சிபிடி, குளோபசாம் என்ற வலிப்பு மருந்தின் விளைவைக் கூட்டி மயக்கத்தை அதிகப்படுத்தும். வால்ப்ரோயேட் மாத்திரையோடு சேர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மருந்தோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம். டிஎச்சி மனநோயைத் தூண்டக்கூடும். கர்ப்பிணிகளுக்கும் இளைஞர்களுக்கும் அது கூடாது. மருத்துவருக்குத் தெரியாமல் எண்ணெய் கொடுத்தால், அவர் எழுதும் மாத்திரையே நோயாளிக்குக் கேடாக முடியும்.

மார்க்கமும் மருத்துவரும்

நிர்ப்பந்த நிலையில் விலக்கு உண்டு என்பது அல்பகரா அத்தியாயத்தின் 173-ஆம் வசனத்திலிருந்து நாம் அறிந்ததே. மருந்து விஷயத்தில், ஹலாலான மாற்று மருந்து இல்லை என்று திறமையும் நேர்மையும் உள்ள மருத்துவர் சொல்ல வேண்டும் என மார்க்க அறிஞர்கள் நிபந்தனை வைக்கின்றனர். அப்படியானால் மருத்துவரின் அறிவு நம் மார்க்கத் தீர்ப்புக்கும் அடிப்படையாகிறது. விளம்பரமும் வாட்ஸ்அப் செய்தியும் அந்த இடத்துக்கு வர முடியாது.

புற்றுநோய் வலிக்கு மாற்று நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வாய்வழி மார்பின் மருந்தை நோயாளிகள் பெறுவதை 2014-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் எளிதாக்கியது. மருத்துவர் கண்காணிப்பில், அளந்து கொடுக்கப்படும் மருந்து அது. கோரிமேடு ஜிப்மரில் புற்றுநோய் மையம் இருக்கிறது. வலியோடு இருப்பவரை அங்கே அழைத்துச் சென்று வலி நிவாரணம் பற்றிக் கேட்கலாம்.

மருத்துவரிடம் கேளுங்கள்

1. இந்த நோய்க்கு இது பலன் தரும் என்று நிரூபணம் உண்டா?
2. இதில் டிஎச்சி எவ்வளவு? ஆய்வகச் சான்று இருக்கிறதா?
3. இப்போது சாப்பிடும் மாத்திரைகளோடு சேருமா?
4. போதை தராத வேறு மருந்து உண்டா?
5. உங்களுக்கு இதில் அனுபவம் இல்லையென்றால் யாரிடம் அனுப்புவீர்கள்?

"எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லும் மருத்துவரை நாம் குறைவாக எண்ண வேண்டாம். தெரியாததைத் தெரிந்ததுபோல் விற்பவரைவிட அவரே நம்பிக்கைக்கு உரியவர். வீட்டில் ஏற்கெனவே எண்ணெய் கொடுத்து வந்தால், அடுத்த முறை செல்லும்போது பாட்டிலையும் எடுத்துச் சென்று காட்டுங்கள். நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவைத் தருவானாக.