தங்கைக்காகக் கட்டிய ஆஸ்பத்திரி

2008ஆம் ஆண்டு, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் அம்மாவும் நானும் பல நாட்கள் ஒரே வாங்கில் காத்திருந்தோம். 2006இல் மன்னாரிலிருந்து படகேறி வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, அங்கே அனுமதி வாங்கிச் சென்னைக்கு வந்தவர்கள் நாங்கள். ஒருநாள் அம்மா கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதை ஆர் தம்பி கட்டினது?" என்று கேட்டா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி, முதலாம் வருடத்தையே முடிக்காமல் வந்தவன் நான். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த புதுக்கோட்டைக் கிழவிதான் பதில் சொன்னா: "எங்க ஊர்ப் பொண்ணு. தங்கச்சி செத்ததுக்காகக் கட்டினது."

கிழவி சொன்னது சரி என்று பிறகு வாசித்து அறிந்தேன். முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பெண்பிள்ளைகள் கல்லூரி வாசலை மிதிக்காத காலத்தில் மகாராஜா கல்லூரியில் படித்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் சட்டசபைக்குப் போனதையும், தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியதையும், அவ்வை இல்லம் தொடங்கியதையும் எழுதியவர்கள் பலர். தங்கையை மட்டும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான். தங்கைக்கு மலக்குடலில் புற்றுநோய். முதலில் வயிற்றுளைவு என்றே நினைத்து வைத்தியம் செய்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. வீட்டிலேயே ஒரு டாக்டர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. 1923இல் அந்தப் பெண் இறந்துபோனார்.

1925இல் முத்துலட்சுமி மேற்படிப்புக்காக லண்டன் போனார். புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி இருக்க முடியும் என்பதை அங்கே கண்டார். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அப்படி ஒன்று நமக்கும் வேண்டும் என்று கேட்டார். புற்றுநோய் வந்தவர் எப்படியும் சாகத்தானே போகிறார், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்ற எண்ணம் அதிகாரத்தில் இருந்தவர்களிடமும் இருந்தது. அவர் விடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி சேர்த்தார். 1952 ஒக்டோபர் 10இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18இல் 12 கட்டில்களோடு நிலையம் தொடங்கியது. முத்துலட்சுமிக்கு அப்போது 67 வயது. மகன் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். சாந்தா 2021இல் இறக்கும்வரை அந்த வளவிலேயே வாழ்ந்தார்.

தங்கையின் சாவுக்கும் அந்த 12 கட்டில்களுக்கும் இடையில் 31 வருடங்கள். இதை அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செத்தவளை மறக்காமல் இருந்திருக்கு அந்த மனுசி" என்றா.

அம்மாவுக்கும் மலக்குடலில்தான். முகாமில் ஒரு வருடமாக இரத்தம் போயிருக்கிறது. வயிற்றுளைவு என்று தானே பெயர் வைத்து, மாதுளங்கோதை அவித்துக் குடித்துச் சமாளித்திருக்கிறா. நகை விற்ற காசு என்னை வெளிநாட்டுக்கு அனுப்பவென்று சீலைத்தலைப்பில் முடிந்திருந்தது. டாக்டரிடம் போனால் அது கரைந்துவிடும் என்று பயந்திருக்கிறா. பேசாலையில் கருவாடு காயவைத்து விற்று, ஒரு சதம் தவறாமல் கணக்கு வைத்திருந்தவ. இந்தக் கணக்கை மட்டும் எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. பின்னேரங்களில் ஏஜென்சிக்காரனைத் தேடித் திரிந்தேன்.

அம்மா அந்த வருடமே போய்விட்டா. அந்தக் காசில்தான் நான் பாரிஸ் வந்தேன். 1926இல் சர்வதேசப் பெண்கள் மாநாட்டுக்காக முத்துலட்சுமியும் இதே நகரத்துக்கு வந்திருக்கிறார். தங்கை இறந்து அப்போது 3 வருடங்கள். அவரது 31 வருடங்களில் பாதிக்கு மேல் எனக்கும் இங்கே கோப்பை கழுவுவதில் கழிந்துவிட்டது.

போன வருடம் என்னோடு வேலை செய்யும் பெடியன் இரத்தம் போகிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். வெறும் மூலம்தான். "அண்ணையாலை அரைநாள் சம்பளம் போச்சு" என்று இன்றும் என்னைத் திட்டுகிறான். திட்டட்டும். அம்மாவுக்காக நான் கட்டியது அந்த அரைநாள்தான்.