ஒரு கதையில் எதிரி, இன்னொரு கதையில் நண்பர்: வீரப் பெண்களின் வரலாற்றில் மைசூரு

பெங்களூருவிலிருந்து வீக்கெண்டுக்கு மைசூரு போறீங்களா? ஊருக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னாடியே ஸ்ரீரங்கப்பட்டணம் வரும். 18-ம் நூற்றாண்டில் ஹைதர் அலி மைசூரு அரசை இங்கிருந்துதான் நடத்தினார். கன்னடர்களும் தமிழர்களும் கொண்டாடும் இரண்டு வீரப் பெண்களின் கதைகளில் அவர் வருகிறார். ஒன்றில் எதிரியாக, இன்னொன்றில் நண்பராக.

யார் இந்த ஒபவ்வா?

சித்ரதுர்கா கோட்டைக் காவலாளி ஒருவரின் மனைவி. பாறை இடுக்கு வழியாக ஒவ்வொருவராக நுழைந்த ஹைதரின் வீரர்களை உலக்கையால் அடித்துக் கொன்றார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கன்னடத்தில் 'ஒனகெ' என்றால் உலக்கை. அதனால்தான் 'ஒனகெ ஒபவ்வா'. கடைசியில் 1779-ல் கோட்டை ஹைதர் வசமானது.

புட்டண்ணா கனகல் இயக்கிய 'நாகரஹாவு' (1972) படத்தில் ஜெயந்தி ஒபவ்வாவாக நடித்தார். படம் ஒரு கோபக்கார இளைஞனின் கதை. ஒபவ்வாவுக்குக் கிடைத்தது ஒரு பாடல் காட்சி மட்டுமே. ஆனாலும் கர்நாடகத்தில் பலருக்கு ஒபவ்வா என்றதும் ஜெயந்தியின் முகம்தான் நினைவுக்கு வரும்.

வேலு நாச்சியாருக்கும் மைசூருக்கும் என்ன தொடர்பு?

1772-ல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். சிவகங்கையை இழந்த ராணி, திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சியில் தஞ்சம் புகுந்தார். பிரதானி தாண்டவராய பிள்ளை ஹைதருக்குக் கடிதம் எழுதி உதவி கேட்டார். மருது சகோதரர்கள் உடன் நின்றனர். 1780-ல் ஹைதரின் ஆதரவோடு நாச்சியார் சிவகங்கையை மீட்டார். சித்ரதுர்கா விழுந்த மறு வருடமே இது!

ராணியை ஹீரோவாக்கிய படம் இருக்கா?

இருக்கு. 1961-ல் வந்த 'கித்தூர் சென்னம்மா'. தமிழில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எடுத்த அதே பி.ஆர்.பந்துலுதான் இயக்குநர். சென்னம்மாவாக நடித்தவர் பி.சரோஜாதேவி. தத்துப்பிள்ளையை வாரிசாக ஏற்க ஆங்கிலேயர் மறுத்ததால் 1824-ல் போர் மூண்டது. முதல் மோதலில் கலெக்டர் தாக்கரே கொல்லப்பட்டார். பிறகு சிறைபிடிக்கப்பட்ட ராணி 1829-ல் காவலிலேயே இறந்தார். ஜான்சி ராணியின் போருக்கு 30 வருடங்களுக்கு மேல் முந்தைய கதை இது.

அப்போ, இந்தக் கதைகளைத் திரையில் எப்படிப் பார்ப்பது?

ஆக்‌ஷன் படத்துக்கு ஒரு வில்லன் வேணும், ஒரு வாள் சண்டை வேணும். அதில் முதலில் அடிபடுவது அரசியல். ஹைதரை வெறும் வில்லனாகக் காட்டினால் நாச்சியாரின் ராஜதந்திரம் புரியாது. வெறும் நண்பராகக் காட்டினால் ஒபவ்வா யாரை எதிர்த்து நின்றார் என்பது மறைந்துபோகும். ஹைதருக்கு இரண்டுமே தன் அரசின் கணக்குதான்: ஒரு பக்கம் எல்லையை விரிப்பது, இன்னொரு பக்கம் ஆற்காடு நவாபுக்கும் ஆங்கிலேயருக்கும் எதிராகக் கூட்டாளி தேடுவது.

நாச்சியார் வாள் எடுத்ததைவிட, 8 வருடம் காத்திருந்து, கூட்டணி அமைத்து, படை திரட்டியதுதான் பெரிய சாதனை. திரையில் அது மான்டாஜில் ஓடிவிடும்.

அடுத்து இப்படி ஒரு படம் பார்த்தால், சண்டைக்கு முன் அவர் எடுக்கும் முடிவுகளுக்கு எத்தனை நிமிடம் தருகிறார்கள் என்று கவனியுங்க. முடிவெடுப்பவர் அவரா, பக்கத்தில் நிற்கும் தளபதியா என்றும் பாருங்க. அவர் ஹீரோவா, போஸ்டரில் மட்டும் ஹீரோவா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.